எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறுவது: சென்னைக்கு ஏன் இத்தனை நிலையங்கள்?

தென்காசியிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் அப்பா அம்மாவோடு காலையில் எழும்பூர் வந்து இறங்கி, அன்றிரவே சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போகப்போகிறீர்கள். ஒரே ஊரில் எதற்கு இரண்டு பெரிய நிலையம், பீச் ஸ்டேஷன் என்று வேறு ஒன்று இருக்கிறதே, இடைப்பட்ட பகலில் அங்கே போனால் கடல் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழக்கமில்லாத ஊரில், வயதானவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு தப்பான நிலையத்தில் போய் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ரயில்வேயில் வணிகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விசாரணை கவுண்டரில் உட்கார்ந்த காலம் நிறைய. இந்தக் கவலையோடு ஜன்னலுக்கு வந்தவர்களும் நிறையப் பேர். அதனால் காரணத்தையும் சொல்லி, வழியையும் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் நிலையங்கள் திசையை வைத்துப் பிரிந்தவை. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் எந்த நிலையம் என்பதும் தெரிந்துவிடும். செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் வண்டிக்கு எழும்பூர். அரக்கோணம் வழியாக மேற்கே போகும் வண்டிக்கும், கூடூர் வழியாக வடக்கே போகும் வண்டிக்கும் சென்ட்ரல். கோயம்புத்தூர் தமிழ்நாட்டுக்குள்தானே இருக்கிறது, எழும்பூராகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்பி வருகிறவர்கள் உண்டு. கோவை வண்டி அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் என்று மேற்கே போகிறது. அதனால் சேரன், நீலகிரி, கோவை எக்ஸ்பிரஸ் எல்லாம் சென்ட்ரல். பாண்டியன், வைகை, பல்லவன், நெல்லை, கன்னியாகுமரி, உங்கள் பொதிகை எல்லாம் எழும்பூர். வந்தே பாரத் வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. மைசூரு, கோவை வண்டிகளுக்குச் சென்ட்ரல். திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகளுக்கு எழும்பூர்.

இப்படித் திசைக்கு ஒன்றாகப் பிரிந்ததற்குக் காரணம் கடலில் தொடங்குகிறது. கிழக்கே கடல் இருப்பதால் எந்தப் பாதையும் இந்த ஊரைத் தாண்டி நேரே போக முடியாது. வருகிற பாதை இங்கேதான் முடிய வேண்டும். அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகளுக்கு வேண்டியதும் கடல்தான். உள்நாட்டுச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், கப்பலில் வந்திறங்கியதை உள்ளே அனுப்ப வேண்டும். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா என்ற அலை தாண்டும் படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட கரையை ஒட்டி, வணிகர்கள் குடியிருந்த பகுதிக்குப் பக்கத்தில், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்தில் தன் நிலையத்தைக் கட்டியது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். 1862 வாக்கில் அதே பாதை மேற்குக் கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பேப்பூர் வரை போய்விட்டது. அதாவது ஒரு கடற்கரையில் ஏறி மறு கடற்கரையில் இறங்கலாம்.

ராயபுரத்தைப் பற்றி இணையத்தில் பலதும் உலவுவதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853 ஏப்ரல் 16 அன்றே வண்டி ஓடிவிட்டது. ஹவுராவிலிருந்து 1854இல் ஓடியது. ஆனால் அங்கே முதன்முதலில் இருந்த நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. இன்றும் நிற்கிற, இன்றும் பயணிகள் ஏறி இறங்குகிற பழைய நிலையக் கட்டடம் என்று பார்த்தால் ராயபுரம்தான் என்பது பொதுவாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து. 'தென்னிந்தியாவின் முதல் ரயில்' என்று சொல்லும்போதும் 'பயணிகளுக்கான' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1837லேயே செங்குன்றம் பக்கத்திலிருந்து சாலை போடும் கல்லைக் கொண்டுவர ஒரு தண்டவாளப் பாதை போட்டிருந்தார்கள். அந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படுபவர் ஆர்தர் காட்டன். கல்லணையைப் பற்றிப் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்.

ராயபுரம் ஊரின் வடக்கு மூலை. நகரம் தெற்கிலும் மேற்கிலும் வளர வளர, எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. அதனால் அதே மெட்ராஸ் ரயில்வே 1873இல் பார்க் டவுனில் இரண்டாவது நிலையம் ஒன்றைத் திறந்தது. அதுதான் சென்ட்ரல். ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தது. பின்னால் ராபர்ட் சிஷோம் அதை மாற்றியமைத்தபோது, நாம் இன்று தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளும் மணிக்கூண்டு வந்தது. 1907க்குப் பிறகு சென்ட்ரல் முதன்மை நிலையமாகிவிட, ராயபுரத்தின் முக்கியத்துவம் போய்விட்டது. கட்டடக்கலை என் துறை இல்லை, ஆகவே கோத்திக் எது, ரோமனெஸ்க் எது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ரயில்வேக்காரனாக எனக்கு முக்கியமாகப் படுவது சென்ட்ரலின் அமைப்பு. பாதைகள் எல்லாம் வந்து முட்டி நிற்கிற முனையம் அது. உள்ளே வந்த வண்டி வந்த வழியேதான் திரும்பிப் போக வேண்டும். வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாமே பேசின் பிரிட்ஜ் என்ற ஒரே கழுத்து வழியாகத்தான் போய்வர வேண்டும். பேசின் பிரிட்ஜ் வந்தாயிற்று, இறங்கத் தயாராகலாம் என்று எழுந்து நின்ற பிறகு வண்டி பொறுமையைச் சோதிக்கிற மாதிரி நின்றுகொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே பிளாட்பாரம் காலியாகும் வரை காத்திருக்கிற நேரம் அது.

எழும்பூரின் கதை முழுக்க வேறு கம்பெனியின் கதை. தெற்கே நாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே அங்கிருந்து திருச்சிக்குப் பாதை போட்டது. 1874இல் அதுவும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. அதற்குச் சற்று முன்புதான் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காகப் புதிய பாதைகளை மீட்டர் கேஜில் போடலாம் என்று அரசு முடிவெடுத்திருந்தது. மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாள அகலம் 1676 மில்லிமீட்டர். சவுத் இந்தியன் ரயில்வேக்கு வந்ததோ 1000 மில்லிமீட்டர். ஏற்கெனவே அகலமாகப் போட்டிருந்த நாகப்பட்டினம் பாதையையே குறுக்கி மீட்டர் கேஜாக மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை நீண்ட பாதை முழுவதும் மீட்டர் கேஜ். அதற்கான பெரிய முனையமாக 1908 ஜூன் 11 அன்று எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் சென்னை உயர் நீதிமன்றமும் அவர் கைபட்டவைதான். கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் பெங்களூரைச் சேர்ந்த டி. சாமிநாத பிள்ளை. கொழும்பு போகிறவர்கள் ஏறிய போட் மெயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. முதலில் தூத்துக்குடிக்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிக்கு, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். இரண்டு கம்பெனிகள், இரண்டு அகலம். சென்ட்ரலுக்கு வருகிற பெட்டி எழும்பூர்த் தண்டவாளத்தில் நிற்கவே நிற்காது. 1951 ஏப்ரல் 14 அன்று கம்பெனிகள் எல்லாம் இணைந்து தெற்கு ரயில்வே ஆன பிறகும் தண்டவாளம் இணையவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வடக்கே போக வேண்டிய சரக்கை ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொரு வேகனில் ஏற்றித்தான் அனுப்ப முடியும். பயணிகளின் நிலைமையும் அதுவேதான். சிவப்புச் சட்டை போர்ட்டர் தலையில் இரண்டு பெட்டி, தோளில் ஒரு படுக்கைச் சுருட்டு, பின்னால் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடும் அம்மா, வெளியே வாடகை பேசிக்கொண்டு நிற்கும் ரிக்‌ஷா. எழும்பூர் வாசலில் காலை நேரம் இப்படித்தான் இருக்கும். அவர்களில் பலருக்கு சென்னையில் எந்த வேலையும் கிடையாது. ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்காக மட்டும்தான் அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடந்தார்கள்.

1992இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் வந்தது. 90களின் பிற்பாதியில் தாம்பரத்துக்குத் தெற்கே அகலப்பாதை வேகமாக வந்தது. உங்கள் தென்காசிப் பக்கம் 2004இல் மாறியது. சரி, அகலம் ஒன்றாகிவிட்டதே, இனி நிலையத்தையும் ஒன்றாக்கக் கூடாதா என்று கேட்கலாம். இடம்தான் பிரச்சினை. சென்ட்ரலுக்கு இருக்கிற ஒரே கழுத்தில் தென் மாவட்ட வண்டிகளையும் நுழைத்தால் தாங்காது. எழும்பூரின் இரண்டு பக்கமும் ஊர் நெருக்கமாகக் கட்டி நிற்கிறது. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. எழும்பூரிலிருந்து பூங்கா, கோட்டை, கடற்கரை என்று போய், ராயபுரம் பக்கமாகச் சுற்றி வடக்குப் பாதையில் சேர்ந்துகொள்ளலாம். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து போகும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி எல்லாம் இப்படி எழும்பூர் வழியாகத்தான் வடக்கே போகின்றன. அவை தினசரி வண்டிகள் இல்லை. உங்களுக்குத் தேதி தோதுப்பட்டால், மதுரையில் ஏறினால் நிலையம் மாறாமலேயே டெல்லி போய்விடலாம். வயதானவர்களோடு போவதால் அடுத்த முறைக்காவது இதை யோசியுங்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போட்டதும் இந்த வழியில் நெரிசலைக் குறைக்கத்தான். அந்த வேலைக்காகவே 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை, அதாவது தூண்கள் மேல் ஓடும் லோக்கலை, நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இனி பீச் ஸ்டேஷன், அதாவது கடற்கரை நிலையம். கடல் பார்க்கலாம் என்று நம்பி அங்கே போய் இறங்காதீர்கள். ராஜாஜி சாலையில் இறங்கினால் எதிரே துறைமுகத்தின் மதில்தான் இருக்கிறது. மணலும் இல்லை, அலையும் இல்லை. ஒரு காலத்தில் கடல் உண்மையிலேயே அந்தச் சாலையின் ஓரம் வரை வந்துகொண்டிருந்தது. 1870களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கரம் நீட்டிக் கட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதில் பெரும்பகுதியை உடைத்துப்போட, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகக் கரம் குறுக்கே வந்ததும் அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கிற அகலமான மெரினா அப்படிச் சேர்ந்த மணலால் விரிந்ததுதான். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது. அங்கே பாறாங்கல் கொட்டி வைத்திருப்பதற்குக் காரணமும் அதுதான். ஒரே கட்டுமானம் ஊரின் தெற்குக்கு மணலைக் கொடுத்து வடக்கிடமிருந்து பறித்திருக்கிறது. வடசென்னை மீனவர்கள் இதை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் மெரினாவை மட்டும் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

கடல் பார்க்க நீங்கள் ஏற வேண்டியது பறக்கும் ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் வந்த பாதை அது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்கள் மேல் போகிறது. சென்ட்ரலுக்கு எதிரே சாலையைத் தாண்டியதும் பூங்கா நகர் நிலையம் இருக்கிறது. அங்கே வேளச்சேரி போகும் வண்டியில் ஏறி, சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கிக் கிழக்கே நடந்தால் மெரினா. நிலையத்திலிருந்து மணல் வரை கொஞ்சம் நடக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் அந்தத் தூரத்துக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் படிக்கட்டு அதிகம், நகரும் படியும் லிஃப்டும் எல்லா நேரமும் இயங்கும் என்று நம்பிப் போக வேண்டாம். இன்னொன்று: பூங்கா என்று ஒரு நிலையம், பூங்கா நகர் என்று ஒரு நிலையம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பூங்காவில் தாம்பரம் வழித்தட லோக்கல் வரும். பூங்கா நகரில் வேளச்சேரி வண்டி வரும். ஏறுவதற்கு முன் முகப்புப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் லோக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931லேயே மின்சார ரயில் ஓடியது, அதுவும் மீட்டர் கேஜில். சென்னை இன்று தெற்கே இவ்வளவு நீண்டு கிடப்பதற்கு அந்தப் பாதை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. மாம்பலம், கோடம்பாக்கம், குரோம்பேட்டை எல்லாம் அந்த நிலையங்களைச் சுற்றித்தான் நிறைந்தன. 2004 ஜூலையில் கடைசி மீட்டர் கேஜ் மின்வண்டி நின்றது. அந்தக் குட்டிப் பெட்டிகளை நினைவில் வைத்திருக்கிற பழைய சென்னைக்காரர்கள் இன்னும் நிறையப் பேர்.

இப்போது எழும்பூரிலிருந்து சென்ட்ரல் போகும் வழி. பெட்டிகளோடு போவதற்கு மெட்ரோதான் நல்லது என்பேன். எழும்பூர் மெட்ரோவுக்கு அடுத்த நிலையமே சென்ட்ரல் மெட்ரோ. 2018இல் இந்த இணைப்பு வந்ததிலிருந்து மாறுவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. நுழையும்போது பெட்டிகளை ஸ்கேனரில் போட்டு எடுக்க வேண்டும், அதற்குச் சில நிமிடம் ஆகும். பிறகு லிஃப்ட் உண்டு. லோக்கலில் போவதென்றால் எழும்பூரை அடுத்த பூங்காவில் இறங்கிச் சுரங்கப்பாதையில் சாலையைக் கடக்க வேண்டும். செலவு குறைவு, ஆனால் கனமான பெட்டியோடு அந்தப் படிகள் சிரமம். காலை அலுவலக நேரத்தில் லோக்கலில் பெட்டியோடு ஏறுவதும் கஷ்டம். ஆட்டோ, டாக்ஸி என்றால் தூரம் குறைவுதான். ஆனால் வாசலில் நிற்பவரிடம் பேரம் பேசுவதைவிடச் செயலி மூலம் அழைத்துக்கொள்வது நிம்மதி.

டிக்கெட்டைக் கையில் எடுத்ததும் நிலையக் குறியீட்டைப் படித்துப் பாருங்கள். எழும்பூருக்கு எம்.எஸ்., சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். விசாரணை கவுண்டரில் நான் பார்த்த குழப்பத்தில் பாதி இந்த ஓர் எழுத்தால் வந்தது. மூச்சு வாங்க ஓடிவந்து டிக்கெட்டை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் வண்டி இன்னொரு நிலையத்தில் புறப்பட இருபது நிமிடம் இருக்கும். 'சென்னை' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் வந்திருப்பார்கள். 2019லிருந்து சென்ட்ரலின் முழுப்பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல். டிக்கெட்டில் எம்ஜிஆர் என்று பார்த்துவிட்டு அது வேறு நிலையம் என்று நினைக்க வேண்டாம். கடற்கரைக்கு எம்.எஸ்.பி., தாம்பரத்துக்கு டி.பி.எம்., பெரம்பூருக்கு பி.இ.ஆர். இவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் நான் முதலில் சொன்ன திசை விதிக்கு விலக்குகள் கூடிக்கொண்டு வருகின்றன. இடநெருக்கடியால் தாம்பரம் மூன்றாவது முனையமாகிவிட்டது. தென் மாவட்ட வண்டிகள் சில அங்கிருந்தே புறப்படுகின்றன. வடக்கிலிருந்து கேரளா போகும் வண்டிகளில் சில சென்ட்ரலுக்குள் நுழையாமல் பெரம்பூரில் நின்றுவிட்டு மேற்கே திரும்பிவிடும். சென்ட்ரலில் போய் வண்டி திரும்பி வர ஆகும் நேரம் மிச்சம். எழும்பூரில் 2022இல் அடிக்கல் நாட்டிய மறுசீரமைப்பு வேலைக்காக அவ்வப்போது சில வண்டிகளைத் தாம்பரத்துக்கோ கடற்கரைக்கோ தற்காலிகமாக மாற்றுகிறார்கள். ஆகவே இந்தப் பதிலில் திசை, வரலாறு, பாதை அமைப்பு ஆகியவற்றை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வண்டி எங்கே நிற்கும், எந்த பிளாட்பாரம் என்பதைப் பயணத்துக்கு முந்தின நாளும் அன்று காலையும் 139இலோ ரயில்வே செயலியிலோ பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாட்பார எண்ணை யார் முன்கூட்டிச் சொன்னாலும் நிலையத்தில் பலகையைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

உங்களுக்கு இடையில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது, பயமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் எழும்பூரில் இறங்கிச் சென்ட்ரலில் மாறுவதானால் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள் என்பேன். மாறுவதற்கு முக்கால் மணி நேரம் போதும். தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் வண்டி தாமதமாவதற்காகத்தான் மீதி நேரம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் திரும்பக் கிடைப்பதற்கு, இரண்டு பிஎன்ஆரையும் இணைக்கும் வசதி 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகள் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் வேறு வேறாக இருப்பதால், உங்கள் டிக்கெட்டுக்கு அது பொருந்துமா என்று முன்பதிவு கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டிகளை எழும்பூரில் வைக்காதீர்கள். இரவு சென்ட்ரலில் ஏறப்போவதால் நேரே சென்ட்ரலுக்குக் கொண்டுபோய் க்ளோக் ரூமில் வைப்பதுதான் சரி. இல்லாவிட்டால் மாலையில் களைத்த உடம்போடு எழும்பூருக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். க்ளோக் ரூமில் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் கேட்பார்கள். சின்னப் பூட்டு இரண்டு மூன்று ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். அப்பா அம்மா கொஞ்சம் படுத்து எழ வேண்டும் என்றால் ஓய்வறையை பிஎன்ஆரை வைத்து முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யலாம். அப்புறம் வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு மேல் மெரினா போய், ஏழரைக்குள் சென்ட்ரல் திரும்பிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைத்தால், கடற்கரையை அடுத்த நிலையம்தான் ராயபுரம், ஒருமுறை போய்ப் பாருங்கள். கடற்கரையிலிருந்து அந்தப் பக்கம் போகும் லோக்கல்கள் தாம்பரம் வண்டி மாதிரி அடிக்கடி வருவதில்லை, திரும்பும் வண்டியின் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போங்கள்.